அம்மா அப்பாவோடு ஹான்டோர்ஃப்: ஒரு நாள் ஒதுக்கலாமா?

#1 புதுச்சிறகு

வணக்கம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது. ஊரிலிருந்து (பட்டுக்கோட்டைப் பக்கம்) அம்மாவும் அப்பாவும் மார்ச் கடைசியில் வருகிறார்கள், ஆறு வாரம் இருப்பார்கள். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "ஹான்டோர்ஃப் கூட்டிப் போ" என்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் உண்டாக்கிய கிராமம், மலை மேல் இருக்கிறது, அழகு என்கிறார்கள். படங்களில் பார்த்தால் கடைத்தெருவும் பீர் குவளையும்தான் தெரிகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அரை மணிக்கு மேல் சேர்ந்தாற்போல நடக்க மாட்டார். அம்மா சைவம், முட்டையும் கிடையாது. ஒரு கடைத்தெருவைப் பார்க்க மலையேற வேண்டுமா? போனவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

#2 நெட்டிலிங்கம்

தாராளமாகப் போகலாம். ஒரே நிபந்தனை, சனி ஞாயிறு வேண்டாம். நகரத்திலிருந்து 28 கிலோமீட்டர்தான், ஃப்ரீவே பிடித்தால் அரை மணி நேரம். வார இறுதியில் அந்த அரை மணியைவிட அதிக நேரம் மெயின் ஸ்ட்ரீட்டில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். வார நாளில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். தெரு நீளம்தான், ஆனால் இரண்டு பக்கமும் 1880களில் நட்ட பெரிய மரங்கள், உட்கார பெஞ்சுகள் இருக்கின்றன. அப்பாவுக்குச் சிரமம் இராது. கார் இல்லையென்றால் மவுண்ட் பார்க்கர் பக்கம் போகும் பஸ்களில் சில ஊருக்குள் நுழைந்து போகும். எது நுழையும் என்று கேட்டு ஏறுங்கள், நுழையாதது ஃப்ரீவேயில் பறந்துவிடும்.

ஏப்ரல் கடைசி நல்ல நேரம். அந்த மரங்கள் எல்லாம் மஞ்சளும் செம்பட்டையுமாக மாறியிருக்கும்.

#3 கறிவேப்பிலை

நான் மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்றும் விருந்தாளிகளுக்காக. என் கணக்குப்படி ஹான்டோர்ஃப் என்பது குளிர்சாதனம் இல்லாத ஒரு ஷாப்பிங் மால். குயில் கூவும் கடிகாரம், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், கங்காரு படம் போட்ட தேநீர்த் துண்டு. நடுநடுவே ஆளைவிடப் பெரிய பீர் குவளைப் படம்.

சைவத்துக்கு வருகிறேன். ஒரு கடையில் (பேர் வேண்டாம்) "இதில் இறைச்சி இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டு, புளித்த முட்டைக்கோஸ் வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் அடியில் பொடிப்பொடியாகப் பன்றி இறைச்சி இருப்பது தெரிந்தது. கூப்பிட்டுக் காட்டினால் அந்தப் பையன், "அது வாசனைக்குப் போட்டது" என்றான். என் மாமியார் அன்றிலிருந்து ஜெர்மனி என்ற பேரைக் கேட்டாலே தண்ணீர் குடிக்கிறார்.

அம்மாவுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

#4 அரைக்கிழவன்

கறிவேப்பிலை அம்மணி சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையின் வேடிக்கையைச் சொல்லட்டுமா?

கடைகளில் தொங்கும் தோல் கால்சட்டை, இறகு வைத்த தொப்பி, லிட்டர் குவளை எல்லாம் பவேரியாச் சரக்கு. தெற்கு ஜெர்மனி, கத்தோலிக்க நாடு. ஹான்டோர்ஃபை உண்டாக்கியவர்களுக்கும் பவேரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவர்கள் பிரஷ்ய அரசின் கிழக்குப் பகுதி விவசாயிகள், பிராண்டன்பர்க், சிலேசியா, போசன் பக்கத்துக்காரர்கள். அந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை இன்று ஜெர்மனியிலேயே இல்லை, போலந்தில் இருக்கின்றன. மதுரைக்காரர் உண்டாக்கிய ஊரில் கதகளி முகமூடி விற்பதைப் போல.

ஏன் வந்தார்கள்? கூழுக்கில்லாமல் இல்லை, கோயிலுக்காக. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1817இல் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் லூத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக இணைத்தார். பிறகு எல்லோருக்கும் ஒரே வழிபாட்டு முறை என்று அதை வற்புறுத்தினார். "எங்கள் பூசையை மன்னர் தீர்மானிக்க முடியாது" என்று மறுத்தவர்களுக்குப் பழைய லூத்தரன்கள் என்று பெயர். அவர்களுடைய போதகர்கள் சிறைக்குப் போனார்கள். ஆகுஸ்ட் காவல் என்ற போதகர் லண்டன் போய் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வணிகரைப் பார்த்தார். தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்தில் பெரும் பங்கு வைத்திருந்த ஆள். உழைக்கத் தெரிந்த விவசாயிகள் தேவைப்பட்ட நேரம், பயணத்துக்குக் கடன் கொடுத்தார். 1838 நவம்பரில் காவலின் முதல் கூட்டம் வந்து கிளெம்சிக் என்ற இடத்தில் குடியேறியது. அதுவும் பிரஷ்யாவில் அவர்கள் விட்டுவந்த ஊரின் பெயர்தான்.

அந்த டிசம்பர் 28ஆம் தேதி 'சீப்ரா' என்ற கப்பல் சுமார் 190 பேரோடு வந்து சேர்ந்தது. நாலரை மாதக் கடல், வழியில் சாவுகள். கப்பல் தலைவர் டிர்க் ஹான். ஆட்களை இறக்கிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மனிதர் போகவில்லை. நிலக்காரர்களோடு அவரே பேசி, மலை மேல் இவர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுத்தார், முதல் வருஷம் வாடகை கிடையாது என்ற ஒப்பந்தத்தோடு. 1839 மார்ச்சில் மூட்டைமுடிச்சோடு நடந்தே மலையேறி ஊரை உண்டாக்கி, நன்றிக்கு அவர் பேரையே வைத்தார்கள். டோர்ஃப் என்றால் கிராமம். நம்மூராக இருந்தால் ஹான்பட்டி.

கடிகாரக் கடைகளுக்குப் பின்னால் இது இருக்கிறது. தெருவைவிட்டுப் பத்தடி உள்ளே தள்ளிப் பார்த்தால் போதும்.

#5 கறிவேப்பிலை

மதுரை, கதகளி உவமைக்கு ஒரு லைக். ஆனால் இவ்வளவு பக்திமான்கள் உண்டாக்கிய ஊரில் முதலில் கண்ணில் படுவது சாராயக்கடையாக இருக்கிறதே, எப்படி?

#6 அரைக்கிழவன்

அதிலும் பாரம்பரியம் இருக்கிறது தாயே. ஊர் பிறந்த அதே 1839லேயே ஜெர்மன் ஆர்ம்ஸ் விடுதியும் பிறந்துவிட்டது. இப்போதைய கட்டடம் அதற்குப் பிந்தியது. பக்தி வேறு, தாகம் வேறு.

சண்டையிலும் குறைச்சல் இல்லை. மன்னரை எதிர்த்துக் கடல் கடந்தவர்கள் எட்டே வருஷத்தில், 1846இல், தங்களுக்குள் பிரிந்துவிட்டார்கள். போதகர் காவல் ஒரு பக்கம், ஃபிரிட்ஷ என்ற இன்னொரு போதகர் ஒரு பக்கம். உலகத்தின் முடிவைப் பற்றிய வேதவசனத்துக்கு என்ன பொருள் என்பது தகராறில் ஒன்று. உலகம் முடியவில்லை, சண்டையும் முடியவில்லை. இரு தரப்பு வாரிசுச் சபைகளும் ஒன்றானது 1966இல்தான். ஹான்டோர்ஃபில் இரண்டு லூத்தரன் கோயில்கள் இருப்பதைப் பார்த்து, சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். நம்மூர்க்காரருக்கு உடனே புரியும்.

#7 புதுச்சிறகு

சிரித்து முடியவில்லை. அப்பா கண்டிப்பாகக் கேட்பார். எங்கள் ஊரிலேயே ஒரு பிள்ளையாருக்கு இரண்டு திருவிழா நடக்கிறது.

மலை, தோட்டம், காடு என்று பக்கத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? கடை வேண்டாம், அம்மா கடைக்குப் போனால் எல்லா விலையையும் ரூபாயாக்க ஐம்பத்தைந்தால் பெருக்கிவிட்டு வைத்துவிடுகிறார்.

#8 வல்லைவெளி

தங்கச்சி, நான் 1996இலிருந்து அடிலெய்டில் இருக்கிறேன். ஹான்டோர்ஃபுக்கு எத்தனை தரம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. பெடியள் சின்னவர்களாக இருந்தபோது ஸ்ட்ரோபெரி ஆய, பிறகு சும்மா தேத்தண்ணி குடிக்க. ஒரு விஷயம் ஒருவரும் இங்கு எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஊருக்குப் பதினேழு வருஷம் ஹான்டோர்ஃப் என்று பேர் இருக்கவில்லை.

முதலாம் உலக யுத்தம். ஜெர்மனி எதிரி நாடு. இங்கே மூன்று தலைமுறையாக உழுது விதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் எதிரிகள் ஆனார்கள். ஜெர்மன் ஆட்கள் சிலரை டொரன்ஸ் தீவில் முகாம் போட்டு அடைத்தார்கள். 1917இல் லூத்தரன் பள்ளிக்கூடங்களைச் சட்டம் போட்டு மூடினார்கள். அதே வருஷம் இன்னொரு சட்டம், எதிரியின் பேரில் உள்ள ஊர்ப் பேர்களை எல்லாம் மாற்ற. மொத்தம் 69 இடப் பேர்கள். ஹான்டோர்ஃப், ஆம்பிள்சைட் ஆனது. பக்கத்து லோபெத்தால், ட்வீட்வேல் ஆனது. புளூம்பெர்க், பேர்ட்வுட் ஆனது. குருண்தால், வெர்டன் ஆனது, பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மன்காரரைத் தடுத்த யுத்தகளத்தின் பேர். கிளெம்சிக்குக்கு வைத்த பேர் காஸா. இந்தப் பேர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தன் பிள்ளையைத் தோற்கடித்த சண்டையின் பேரை அவன் வீட்டு வாசலிலேயே எழுதி வைக்கிற மாதிரி.

1935இல் ஹான்டோர்ஃப், லோபெத்தால், கிளெம்சிக் மூன்றுக்கும் பழைய பேர் திரும்பக் கிடைத்தது. பேர்ட்வுட்டும் வெர்டனும் அப்படியே நின்றுவிட்டன. கிளெம்சிக்கில் உள்ள ஃபுட்போல் கிளப்புக்கு இன்றைக்கும் காஸா என்றுதான் பேர். ஃப்ரீவேயிலிருந்து இறங்கி வெர்டன் வழியாகப் போகும்போது அந்தப் பலகையை ஒருக்கால் பாருங்கோ.

இன்னொன்று. ஹான் பேரும் முதல் பேர் இல்லை. அது பெராமாங்க் மக்களின் நிலம், அவர்கள் அந்த இடத்தைப் புக்கார்டில்லா என்றார்கள், குளிக்கிற மடு என்ற மாதிரிப் பொருள். வந்திறங்கிய ஜெர்மன்காரருக்கு இந்தக் காட்டில் எதைப் பிடித்து எதைத் தின்னலாம் என்று காட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பேரைத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் சட்டம் போடவில்லை.

நான் முதல் தரம் போனபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு கிழவி கடையில் பில் போட்டுக்கொண்டே, "என் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஆம்பிள்சைட் என்று இருக்கும், கடைசிவரை அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை" என்றாள். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

#9 நெட்டிலிங்கம்

வல்லைவெளி ஐயா, பத்து வருஷமாக அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறேன். வெர்டன் என்பது ஏதோ ஆங்கிலேயப் பேர் என்று நினைத்திருந்தேன்.

#10 தரங்கைக்காரன்

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தரங்கம்பாடி லூத்தரன் சபை. போன வருஷம் குடும்பத்தோடு அடிலெய்டு வந்தபோது ஹான்டோர்ஃபில் செயின்ட் மைக்கேல்ஸ் கோயிலுக்கு ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ராகம் எல்லாம் எனக்குத் தெரிகிறது. என் பாட்டி தமிழில் பாடிய அதே மெட்டு. பக்கத்தில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஆங்கில வரிகளுக்கு நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வந்த பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். டிரெஸ்டனில் 1836இல் ஒரு லூத்தரன் மிஷன் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் அனுப்பிய தைஷெல்மன், ஷூர்மன் என்ற இருவர் 1838 அக்டோபரில் அடிலெய்டில் வந்து இறங்கினார்கள், சீப்ரா கப்பலுக்கு இரண்டு மாதம் முன்னால். அதே சங்கம் பிறகு அனுப்பிய கோர்டஸ் என்பவர் 1841இல் தரங்கம்பாடி வந்தார். சங்கம் பிறகு லைப்சிக் நகருக்கு மாறியது. தஞ்சாவூர், மாயவரம் பக்கம் யாருக்கும் 'லைப்சிக் மிஷன்' என்றால் புரியும், 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் சபைக்கு அதுதான் தாய்வீடு. ஆக, எங்கள் ஊர்ச் சபையும் அடிலெய்டு மிஷனும் ஒரே கையிலிருந்து போன இரண்டு கடிதங்கள்.

இன்னொரு பொருத்தம். சீப்ரா கிளம்பிய அல்டோனா துறைமுகம் இப்போது ஹாம்பர்க் நகரத்தின் ஒரு பகுதி, அப்போது டென்மார்க் மன்னர் ஆட்சியில் இருந்தது. கேப்டன் ஹானின் சொந்த ஊரான சில்ட் தீவும் அப்படித்தான். 1838இல் தரங்கம்பாடியும் டென்மார்க் ஊர், 1845இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஹான்டோர்ஃபுக்குப் பேர் கொடுத்தவரும் தரங்கம்பாடியில் மீன் பிடித்த என் கொள்ளுப்பாட்டனின் அப்பாவும் ஒரே ராஜாவின் குடிகள்!

கார் ஓட்டி வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: விக்டோரியாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுவரக் கூடாது, பழ ஈ பயம். எல்லைப் பக்கம் ஒரு டஜன் வாழைப்பழத்தைக் குப்பைத் தொட்டியில் போடும்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

#11 அரைக்கிழவன்

அருமை ஐயா. தைஷெல்மன், ஷூர்மன் இருவரும் இங்கே செய்த வேலை சாதாரணம் இல்லை. அடிலெய்டு சமவெளியின் கௌர்னா மக்களுடைய மொழியைக் கற்று, 1840இல் இலக்கணமும் சொல்தொகுப்பும் அச்சிட்டார்கள். கௌர்னாப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிறகு அந்தப் பள்ளியை அரசு மூடியது, மொழியும் பேச ஆளில்லாமல் போனது. இன்று கௌர்னா மக்கள் தங்கள் மொழியைத் திரும்பப் பேசக் கற்பது பெரும்பாலும் அந்தச் சின்னப் புத்தகத்தை வைத்துத்தான். லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் மணலில் எழுதித் தமிழ் படித்தாரே, அந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

#12 மட்டுறுத்துநர்

நல்ல இழை. ஆனால் கேட்டவர் கேட்டது முழங்கால் வலிக்கும் புளிசாதத்துக்கும்! பயணம் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

#13 கறிவேப்பிலை

சரி, நானே எழுதுகிறேன். நான் மால் என்று திட்டியது மெயின் ஸ்ட்ரீட்டை. ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் 'தி சீடர்ஸ்' என்று ஒரு வீடு இருக்கிறது, அதைத் திட்ட மாட்டேன். ஓவியர் ஹான்ஸ் ஹெய்சனின் வீடு. ஹாம்பர்கில் 1877இல் பிறந்து, சின்னப் பையனாக இங்கு வந்தவர். 1908இல் ஹான்டோர்ஃபுக்கே குடி வந்து, 1912இல் இந்த வீட்டை வாங்கி, 1968இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். (ஃப்ரீவே சுரங்கப்பாதைக்கு இவர் பேர்தான். 1,200 கிலோமீட்டர் ஹெய்சன் நடைபாதைக்கும்.) வாழ்நாள் முழுக்க அவர் வரைந்தது யூகலிப்டஸ் மரங்களை. கம் மரம் என்பார்களே, அது. பக்கத்து நிலத்தில் மரங்களை வெட்டப் போகிறார்கள் என்றால் அந்த நிலத்தையே வாங்கிவிடுவாராம். யுத்த காலத்தில் அவரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள், ஆஸ்திரேலிய மரத்தை அவரைப்போல யாரும் வரையாதபோதும்.

அவருடைய ஸ்டூடியோ அவர் எழுந்து வெளியே போனதுபோல அப்படியே இருக்கிறது. மகள் நோரா ஹெய்சனின் படங்களும் உண்டு. 1938இல் உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசு வாங்கிய முதல் பெண். எனக்கு அப்பாவைவிட மகளைப் பிடிக்கும். அவள் தன் முகத்தைத் தானே வரைந்த படங்களில் ஒரு முறைப்பு இருக்கும், என் முறைப்புக்கு அதுதான் முன்மாதிரி.

வீட்டுக்குள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். தோட்டத்தில் தரை சமமாக இராது, அப்பாவுக்குக் கைத்தடி நல்லது.

#14 நெட்டிலிங்கம்

மட்டுறுத்துநர் உத்தரவுப்படி:

ஸ்ட்ரோபெரிக்கு பீரன்பெர்க் பண்ணை, ஊர் எல்லையிலேயே இருக்கிறது. அதே பேஷ் குடும்பம் 1839இலிருந்து இருக்கிறது, ஜாம் தொழில் 1971இலிருந்து. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாமே பறிக்கலாம், ஏப்ரல் கடைசியில் பழம் குறைவு. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது உத்தமம். பாத்திகள் தாழ்வு, அப்பா குனிய வேண்டாம், கரையில் நின்று மேற்பார்வை பார்க்கட்டும். அந்த வேலை அப்பாக்களுக்கு நன்றாக வரும்.

கோலா, கங்காரு பார்க்க வழியில் கிளீலண்ட் வனவிலங்குப் பூங்கா. மவுண்ட் லாஃப்டி உச்சி 727 மீட்டர்தான், ஆனால் நம் ஊர் ஆட்களுக்குக் காற்று காது வலி கொண்டுவரும். குல்லா, ஸ்வெட்டர் கட்டாயம். குமெராக்கா என்ற ஊரில் 18 மீட்டர் உயர ஆடுகுதிரை ஒன்று நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று கேட்காதீர்கள், ஆஸ்திரேலியர்களுக்குப் பெரிதாகச் செய்து வைப்பதில் ஒரு ஆசை. பேர்ட்வுட்டில் பழைய கார் மியூசியம், அப்பாவுக்கு அம்பாசிடர் காலத்து ஞாபகம் இருந்தால் கூட்டிப் போங்கள்.

சாப்பாடு: உருளைக்கிழங்கு அடை (அதிலும் முட்டை சேர்ப்பார்கள், கேளுங்கள்), பிரெட்ஸல், சூடான ஆப்பிள் ஸ்ட்ரூடல். முட்டை வேண்டாம் என்பவருக்கு ஜெர்மன் சமையலில் கிடைப்பது இரண்டு கைவிரலுக்குள் அடங்கும். புளிசாதம்தான் பாதுகாப்பு, கறிவேப்பிலை சொன்னது சரி.

கோடையில் வருகிறவர்கள் தீ எச்சரிக்கையைப் பாருங்கள். 1983 சாம்பல் புதனிலும் 2019 டிசம்பரிலும் இந்த மலைகள் எரிந்திருக்கின்றன. உச்ச எச்சரிக்கை நாளில் மலைப்பக்கமே போக வேண்டாம்.

#15 அரைக்கிழவன்

ஒன்று விட்டுவிட்டேன். பெண்கள்.

ஊர் உண்டான முதல் வருஷங்களில் வண்டி கிடையாது, நல்ல பாதையும் கிடையாது. விளைந்த காய்கறி, வெண்ணெய், முட்டையை அடிலெய்டு சந்தைக்குக் கொண்டுபோனது பெண்களும் வளர்ந்த பெண்பிள்ளைகளும். தோளில் காவடிபோல நுகத்தடி, முதுகில் கூடை, நடுராத்திரியில் கிளம்பி மலையிறங்குவார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல். சப்பாத்து தேய்ந்துவிடும் என்று வெறுங்காலோடு நடந்து, மலையடிவாரத்தில் போமண்ட் பக்கம் ஓடையில் கால் கழுவி, அங்கேதான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நகரத்துக்குள் போவார்களாம். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்து கோயில் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். செங்கல் கதை எவ்வளவு நிஜமோ, நடை நிஜம். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது, பயனியர் பெண்கள் பாதை என்று பெயர். வருஷா வருஷம் மே மாதம் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடைப்பயணம் நடத்துகிறது. நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன், எடை எதுவும் சுமக்காமல், நல்ல ஷூ போட்டுக்கொண்டு. இரண்டாம் தடவை முடிந்து மூன்று நாள் படியேறவில்லை.

#16 புதுச்சிறகு

போய்விட்டு வந்தோம்! ஏப்ரல் மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை. நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதியதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மவுண்ட் லாஃப்டியில் பனிமூட்டம், ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து நிமிஷம் வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கிளீலண்டில் கோலா தூங்கிக்கொண்டே இருந்தது. "இதைப் பார்க்கவா காசு? நம்ம பஞ்சாயத்து ஆபீஸில் சும்மாவே பார்க்கலாமே" என்றார் அப்பா. கங்காரு கையில் தீனி தின்றதும் மனிதர் அடங்கிவிட்டார்.

வெர்டன் பலகையை வல்லைவெளி ஐயா சொன்னபடி நிறுத்திப் பார்த்தோம். அப்பாவுக்குக் கதை சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பழைய பேரை வயசானவங்க வீட்டுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க" என்றார்.

ஹான்டோர்ஃபில் பதினொரு மணிக்கு இறங்கினோம். மரங்கள் பாதி மஞ்சள். கடைத்தெரு கறிவேப்பிலை அக்கா சொன்னதுபோலத்தான் இருந்தது, அம்மா ஐம்பத்தைந்தால் பெருக்கினார், எதுவும் வாங்கவில்லை. ஆனால் 1857இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய அகாடமி கட்டடத்துக்குள் போனோம், உள்ளே சின்ன மியூசியம் இருக்கிறது. அப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போதுதான் அரைக்கிழவன் ஐயா எழுதிய அந்தப் பெண்கள் கதையை அம்மாவுக்குப் போனிலிருந்து படித்துக் காட்டினேன்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அம்மாவின் அப்பத்தா தயிர் விற்றவராம். விடியுமுன்னே தலையில் பானையோடு கிளம்பி பட்டுக்கோட்டை கடைத்தெருவுக்கு நடந்து வருவாராம். செருப்பு கிடையாது, ஆனால் நல்ல சேலை ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்து, ஊர் எல்லைக் குளக்கரையில் மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் வருவாராம். இதை என்னிடம் இத்தனை வருஷத்தில் அம்மா சொன்னதே இல்லை. "நீ கேக்கலையே" என்றார்.

அதன் பிறகு அம்மாவுக்கு அந்தக் கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும். செயின்ட் மைக்கேல்ஸ் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றே பார்த்தோம். அம்மா சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். அப்பா வழக்கம்போல "இன்னொரு கோயில் எங்கே?" என்றார்.

சீடர்ஸ் வீடுதான் அப்பாவுக்கு நாள். ஓவியத்துக்காக இல்லை, மரத்துக்காக. எங்கள் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் எல்லாம் தைலமரக் காடு போட்டு நிலத்தடித் தண்ணீர் போச்சு என்று அப்பாவுக்குப் பெரிய கோபம், தைலமரத்தை எதிர்த்து மனு எல்லாம் கொடுத்திருக்கிறார். இங்கே அதன் உறவுக்கார மரத்தைப் பார்த்தார், நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம், பட்டை உரிந்து தந்தம் போலத் தண்டு. வெகு நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது இங்கன இருக்க வேண்டிய மரம்தான். கூட்டிட்டுப் போனவனைச் சொல்லணும்" என்றார். வீட்டுக்குள்ளே அதே மரத்தை ஹெய்சன் வரைந்த படத்துக்கு முன்னால் நின்று வழிகாட்டி அம்மாவிடம் (தமிழில்!) ஏதோ கேட்டார், அவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

கைத்தடி யோசனைக்கு நன்றி. முழங்கால் தாங்கியது.

ஸ்ட்ரோபெரி கொஞ்சம்தான் இருந்தது. அம்மா பறித்தார், அப்பா கரையில் நின்று மேற்பார்வை பார்த்தார். அடிக்கடி "அந்தாப் பாரு, அந்த இலைக்கு அடியில" என்று.

#17 கறிவேப்பிலை

"நீ கேக்கலையே." இன்று ராத்திரி என் அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன்.

ஜாம் வாங்கினீர்களா? கண்ணாடி பாட்டில் என்றால் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் சேலைக்கு நடுவில் வையுங்கள். ஒருமுறை என் மாமனாரின் வேட்டி ஆறும் ராஸ்பெரி நிறத்தில் சென்னை போய்ச் சேர்ந்தன.

#18 புதுச்சிறகு

இரண்டு பாட்டில் வாங்கியிருக்கிறார், அதை மட்டும் பெருக்கவில்லை. சேலைக்கு நடுவில் வைக்கச் சொல்கிறேன்.

அரைக்கிழவன் ஐயா, அந்த மே மாத நடைக்கு நானும் வரலாமா? அம்மா ஊருக்குப் போவதற்குள் நடந்தால் கடைசிக் கொஞ்ச தூரம் கூட வருவதாகச் சொல்கிறார்.

#19 அரைக்கிழவன்

தாராளமாக. முழுப் பாதை வேண்டாம் என்றால் நடுவில் சேர்ந்துகொள்ளவும் வழி இருக்கும், பதிவு செய்யும்போது கேளுங்கள். தேதி வந்ததும் இங்கேயே போடுகிறேன். தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி, இன்னொரு ஜோடி காலுறை.

#20 வல்லைவெளி

நானும் வருகிறேன். அம்மாவுக்கு போமண்டில் தேத்தண்ணி என் கணக்கு. புளிசாதம் மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கோ.

#21 அரைக்கிழவன்

அப்படியென்றால் நாலு பேர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன் என்று யாராவது கிளம்பினால், மூன்று நாள் படியேற முடியாததற்கு நான் பொறுப்பில்லை.